எஞ்சினுக்கு முன் பிரேக்: சைக்கிளுக்கு மோட்டார் பூட்டுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2022 இல் பெற்றோலுக்கு நாள் முழுக்க வரிசையில் நின்றதை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். கியூஆர் அட்டையைக் காட்டினால் வாரத்துக்கு இத்தனை லீற்றர் என்று அளந்து ஊற்றிய மாதங்கள் அவை. வீட்டு மூலையில் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிள்கள் அப்போது மறுபடி வீதிக்கு வந்தன. வெள்ளவத்தையில் இருந்து கோட்டைக்கு வெயிலில் மிதித்துப் போய்வந்த எனக்கு, இதில் ஒரு சின்ன எஞ்சினைப் பூட்டினால் என்ன என்ற ஆசை அந்த நாட்களில்தான் வந்தது.

ஆசை ஒன்றும் புதியது இல்லை. போர் முடிந்த ஜப்பானில் 1946 இல் சொய்சிரோ ஹொண்டா செய்ததும் இதேதான். இராணுவ வானொலிக் கருவிகளுக்கு மின்சாரம் கொடுத்த சிறிய எஞ்சின்களை வாங்கி அவர் சைக்கிளில் பூட்டி விற்றார்.

அதற்குப் பிறகு நான் மூன்று வண்டிகள் கட்டிவிட்டேன். நண்பர்கள் கட்டியவற்றையும் பிரித்துப் பார்த்திருக்கிறேன். எல்லோருடைய கவனமும் எஞ்சினிலேயே இருக்கிறது. தவறு நடப்பதோ பெரும்பாலும் சைக்கிளில்.

பிரேக்கில் இருந்து தொடங்குகிறேன். சாதாரண சைக்கிள் மணிக்கு 15, 20 கிலோமீற்றர் வேகத்தில் போகச் செய்யப்பட்டது. வேகம் இரண்டு மடங்கானால் நிற்கத் தேவையான தூரம் நான்கு மடங்காகும். 20 இல் 3 மீற்றருக்குள் நிற்கிற வண்டி, அதே பிரேக்கோடு 40 இல் போனால் 12 மீற்றர் தாண்டித்தான் நிற்கும். அதுவும் பிரேக் கட்டை நல்ல நிலையில் இருந்து, வீதி காய்ந்திருந்தால். பழைய சைக்கிள்களில் இருக்கும் பளபளப்பான இரும்பு ரிம், மழையில் நனைந்தால் பிரேக் கட்டையைக் கிட்டத்தட்டப் பிடிப்பதே இல்லை. ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் நான்கு மணிக்கு மேல் கொழும்பில் என்ன மழை கொட்டும் என்று உங்களுக்குத் தெரியும். ஆகவே எஞ்சின் வாங்க வைத்திருக்கும் காசில் ஒரு பங்கை முதலில் அலுமினிய ரிம்முக்கும் நல்ல பிரேக்குக்கும் ஒதுக்குங்கள். முன் சில்லுக்கு டிஸ்க் பிரேக் போட முடிந்தால் இன்னும் நல்லது. பின் பிரேக்கை மட்டும் நம்பி வண்டி கட்டாதீர்கள். பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னுக்குச் சாய்வதால், வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பகுதியை முன் சில்லுதான் செய்கிறது.

அடுத்தது, என்னைக் கீழே விழுத்திய தவறு. பெட்டியில் வரும் சீன இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் தொகுதிகளோடு, செயினை இறுக்கிப் பிடிக்க ஒரு சின்ன உருளை தருவார்கள். சைக்கிள் சட்டத்தின் பின்பக்கக் குழாயில் இரண்டு போல்ட்டால் கவ்வி நிற்கும் சாமான் அது. எஞ்சின் அதிரும்போது அந்தப் பிடி கொஞ்சம் கொஞ்சமாகச் சுழன்று ஸ்போக்ஸ் பக்கம் சாயும். ஒருநாள் உள்ளே புகுந்துவிடும். எனக்கு அது ஜா-எலவில் உறவினர் ஒருவரின் தென்னந்தோட்டத்துப் பாதையில் நடந்தது. பின் சில்லு ஒரே நொடியில் பூட்டிக்கொண்டது, நான் பக்கவாட்டில் விழுந்தேன். முழங்கைத் தோல் உரிந்ததோடு போயிற்று. அதே நேரம் பின்னால் ஒரு பஸ் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைப்பேன்.

அந்த உருளையை முழுக்க நம்பி இருக்கக் கூடாது. பின் அச்சைப் பின்னால் நகர்த்தியும் செயினில் ஒரு கண்ணி கூட்டிக் குறைத்தும் முதலில் தொய்வை எடுங்கள். உருளை செயினைத் தொட்டும் தொடாமலும் நின்றால் போதும். முன், பின் பற்சில்லுகள் ஒரே நேர்கோட்டில் இருந்தால் உருளையைப் பக்கவாட்டில் தள்ளும் விசையே குறைந்துவிடும்.

பின் பற்சில்லும் அப்படித்தான். றப்பர் வளையங்களுக்கு நடுவே ஸ்போக்ஸைப் பிடித்து ஒன்பது போல்ட்டால் அதை இறுக்குகிறோம். ஒரு பக்கத்தில் இருந்து வரிசையாக இறுக்கிக்கொண்டு போனால் அது கோணலாக உட்காரும். எதிரெதிர்ப் போல்ட்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, ஒவ்வொரு சுற்றுக்கும் சில்லைச் சுழற்றிப் பாருங்கள். இரண்டு மில்லிமீற்றருக்கு மேல் ஆடினால் கழற்றி மறுபடி பூட்டுங்கள். எனக்கு இந்த ஒரு வேலைக்கு முழுதாக ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது, அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

ஓயில் விஷயத்தில் இரண்டு விதமான தவறுகளைப் பார்க்கிறேன். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்குத் தனி ஓயில் தொட்டி கிடையாது, பெற்றோலோடு கலந்து போகும் ஓயில்தான் உள்ளே எல்லாவற்றையும் நனைக்கிறது. வீட்டில் மிச்சம் இருந்த கார் எஞ்சின் ஓயிலை ஊற்றுவது ஒரு தவறு. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கென்று 2டி (2T) என்று போட்டிருக்கும் ஓயில் மட்டுமே வேண்டும். 'கூடினால் நல்லதுதானே' என்று கையளவில் ஊற்றுவது மற்றத் தவறு. ஓயில் கூடினால் அந்த அளவுக்குப் பெற்றோல் குறைகிறது, எஞ்சின் சூடாகிறது, ஸ்பார்க் பிளக்கும் கரி பிடிக்கிறது. 20க்கு 1 என்றால் ஒரு லீற்றருக்கு 50 மில்லிலீற்றர், 25க்கு 1 என்றால் 40. புது எஞ்சின் பழகும்வரை 20க்கு 1, அப்புறம் 25க்கு 1 என்பது என் வழக்கம். மருந்துப் போத்தலோடு வரும் அளவுக் கிண்ணம் இதற்குப் போதும். தொட்டிக்குள் கலக்காமல் வெளியே ஒரு கானில் கலந்து குலுக்கிவிட்டு ஊற்றுங்கள்.

பத்து, பதினைந்து கிலோமீற்றர் ஓடிய பிறகு எஞ்சின் ஆறியதும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நுனி பால் தேநீர் நிறத்தில் இருந்தால் சரி. ஈரமாகக் கறுத்திருந்தால் எரிபொருள் கூடுதல். வெளுத்திருந்தால்தான் பயப்பட வேண்டும். காபரேட்டரும் எஞ்சினுக்குப் போகும் குழாயும் சேரும் இடத்தில் எங்கோ காற்று உறிஞ்சப்படுகிறது என்பது அதன் வழக்கமான அர்த்தம், அப்படியே ஓட்டினால் பிஸ்டன் இறுகிவிடும். கேஸ்கட், பிளக், நல்ல போல்ட் எல்லாம் பஞ்சிகாவத்தையில் கிடைக்கும். தொகுதியோடு வரும் மென்மையான போல்ட்டுகளை முதல் நாளே மாற்றிவிடுவது என் பழக்கம். பெட்டியில் 80 சிசி என்று இருந்தாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் 66 சிசிதான். அதை அறிந்து, அதிகம் முறுக்காமல் ஓட்டினால் எஞ்சின் நிறைய நாள் உழைக்கும்.

மின்சார மோட்டார் பூட்டுகிறவர்கள் இந்தத் தொல்லைகளில் இருந்து தப்புகிறார்கள், ஆனால் அவர்களுக்கு வேறு இரண்டு ஆபத்துகள் உண்டு. சில்லின் நடுவில் இருக்கும் மோட்டார், தன் அச்சையே திருப்பப் பார்க்கும். அலுமினிய முன் ஃபோர்க்கில் அதை வெறும் நட்டோடு விட்டால் அச்சு உட்காரும் பிளவு விரிந்து சில்லே கழன்றுவிடலாம். இரும்பு ஃபோர்க்காகப் பார்த்து, அச்சைப் பிடித்து ஃபோர்க்கோடு கட்டும் டோர்க் ஆர்ம் என்ற இரும்புத் துண்டையும் கட்டாயம் போடுங்கள். அப்புறம் பற்றரி. 36 வோல்ட் லித்தியம் பற்றரி 42 வோல்ட்டில் நிறைந்துவிடும். 48 வோல்ட் பற்றரியின் சார்ஜர் 54.6 வரை போகும். முனை பொருந்துகிறதே என்று மாற்றிச் செருகினால் தீப்பிடிக்கலாம். மாடி வீட்டில் இருப்பவர்கள் இரவு தூங்கும்போது சார்ஜ் போடாதீர்கள். வெளியே போகும் ஒரே வாசலுக்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள்.

பெடல் இருப்பதால் இது சைக்கிள்தானே என்பதும் தவறு. 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கண்ணில், இயந்திரத்தால் ஓடும் வண்டி மோட்டார் வாகனம். பதிவு, காப்புறுதி, சாரதி அனுமதிப்பத்திரம், ஹெல்மட் எல்லாம் கூடவே வரும். பாகம் வாங்குவதற்கு முன்பே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் போய்க் கேட்டுவிடுங்கள். அதுவரை தனியார் காணிக்குள் ஓட்டுங்கள். நானும் அப்படித்தான் ஓட்டுகிறேன்.

வீதிக்கு ஏற்றும் நாள் வந்தால் ஒன்றை மட்டும் மனதில் வைத்திருங்கள். மற்றவர்கள் கண்ணுக்கு நீங்கள் ஒரு சைக்கிள். காலி வீதியில் குறுக்குத் தெருவில் இருந்து வெளியே வரும் முச்சக்கர வண்டிக்காரர், 'சைக்கிள்தானே, அது வர நேரம் இருக்கிறது' என்று கணக்குப் போட்டுத் திருப்பிவிடுவார். நீங்கள் 40 இல் வருவது அவருக்குத் தெரியாது. பகலிலும் முன் விளக்கைப் போட்டு, ஒவ்வொரு சந்திக்கும் முன் சைக்கிள் வேகத்துக்கே இறங்கிவிடுங்கள். மரைன் டிரைவ் பக்கம் இருப்பவர்களுக்கு உப்புக் காற்றும் சேர்ந்துகொள்கிறது. வாரத்துக்கு ஒருமுறை ஈரத் துணியால் துடைத்து, செயினுக்கு ஓயில் விட்டு, ஒவ்வொரு நட்டிலும் சாவி போட்டுப் பாருங்கள். முதல் ஐந்து கிலோமீற்றர் ஓட்டத்துக்குப் பிறகும் அதேபோல் எல்லா நட்டையும் ஒருதரம் இறுக்குங்கள், ஏதாவது ஒன்று கட்டாயம் தளர்ந்திருக்கும்.