பிம் மாதிரியும் வேரியேஷன் கிளைமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளவத்தையில் எழும் அடுக்குமாடி ஒன்றின் ஐந்தாம் மாடியில், சமையலறையைக் கட்டடக்கலைஞர் மறுபக்கத்துக்கு மாற்றுகிறார் என வைத்துக்கொள்வோம். திருத்திய பிம் மாதிரி (கட்டடத்தின் தகவல்களைச் சுமந்த முப்பரிமாணக் கணினி மாதிரி) எல்லாத் தரப்பினரும் கோப்புகளைப் பகிரும் பொதுத் தரவுத் தளத்தில் ஏறிய அன்றே, தள அலுவலகம் கழிவுநீர்க் குழாயின் வழியை மாற்றிக் கொங்கிரீட் தட்டில் துளையும் இட்டுவிடுகிறது. மூன்று மாதங்கள் கழித்து, வேலையின் அளவையும் செலவையும் கணக்கிடும் கணிய அளவையாளர் வேரியேஷன் கிளைம் (வேலை மாற்றத்துக்காக மேலதிகப் பணமும் காலமும் கேட்கும் கோரிக்கை) எழுத அமரும்போதுதான், இந்த மாற்றத்தைச் செய்யுமாறு யாரும் எழுத்தில் பணிக்கவில்லை என்பது தெரியவருகிறது.

மாதிரி ஏற்றப்பட்டதையே பணிப்புரையாகக் கொள்வதுதான் மிகப் பெரிய தவறு. பிம் தகவல்களை நிர்வகிப்பதற்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 19650 முறையில் ‘பகிரப்பட்டது’ என்ற நிலையிலுள்ள கோப்பு ஒருங்கிணைப்புக்கு மட்டுமே உரியது. அதை வைத்துக் கட்டக்கூடாது. பிடிக் 1999 சிவப்புப் புத்தகம் எனப்படும் சர்வதேசக் கட்டுமான ஒப்பந்த நிபந்தனைகளின் 3.3ஆம் பிரிவின்படி, பொறியியலாளர் வாய்மொழியாகப் பணித்தால் ஒப்பந்தக்காரர் 2 வேலை நாட்களுக்குள் அதை எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும். அது கிடைத்த 2 வேலை நாட்களுக்குள் பொறியியலாளர் எழுத்தில் மறுக்காவிட்டால் அதுவே எழுத்துப் பணிப்புரையாகிவிடும். பணிப்புரைகள் பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் பிறக்கும் நம் ஊரில் இந்த ஒரு கடிதம் பல கிளைம்களைக் காப்பாற்றும்.

அடுத்தது காலக்கெடு. அதே புத்தகத்தின் 20.1ஆம் பிரிவு, விடயத்தை அறிந்த, அல்லது அறிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 28 நாட்களுக்குள் அறிவித்தல் கொடுக்கச் சொல்கிறது. தவறினால் கால நீடிப்பும் இல்லை, மேலதிகக் கொடுப்பனவும் இல்லை. விரிவான கிளைமுக்கு 42 நாட்கள். 2017 பதிப்பில் அது 84 நாட்கள். பிம்மில் இதற்கு ஒரு கூர்முனை உண்டு: யார், எப்போது கோப்பைத் திறந்தார் என்பதைத் தரவுத் தளம் பதிந்து வைத்திருப்பதால், “எங்களுக்குத் தெரியாது” என்ற பதில் எடுபடுவது கடினம். உங்கள் ஒப்பந்தத்தின் விசேட நிபந்தனைகள் இந்த நாட்களை மாற்றியிருக்கலாம்; முதலில் அதைப் பாருங்கள்.

பழைய மாதிரியின் மேலேயே புதியதைச் சேமிப்பது மற்றொரு தவறு. கேள்விப்பத்திர மாதிரியையும், மாற்றத்துக்கு முந்திய மாதிரியையும், திகதியிட்டு, திருத்த முடியாதபடி பூட்டிய ஐஎஃப்சி கோப்பாக (வெவ்வேறு மென்பொருள்களிலும் திறக்கக்கூடிய பொது வடிவம்) தனியே வைக்க வேண்டும். இங்கே பலரும் கவனிக்காத நுணுக்கம் ஒன்று உள்ளது: சுவரை நகர்த்தாமல் அழித்துவிட்டு மீண்டும் வரைந்தால் அதன் அடையாள எண் மாறிவிடும், ஒப்பீட்டு அறிக்கை ஒரு சுவர் நீக்கப்பட்டதாகவும் வேறொன்று சேர்க்கப்பட்டதாகவும் காட்டும். அதைப் பார்க்காமல் கிளைமில் ஒட்டினால், மறுதரப்பின் கணிய அளவையாளர் முதல் பக்கத்திலேயே நம்பிக்கை இழந்துவிடுவார்.

அளவுகளிலும் எச்சரிக்கை வேண்டும். மாதிரி தருவது வடிவியல் கனவளவு; விலைப்பட்டியல் இலங்கைத் தரநிலையான எஸ்எல்எஸ் 573 போன்ற அளவீட்டு முறையின்படி தயாரிக்கப்பட்டிருந்தால், துளைகளுக்காகக் கழிக்க வேண்டிய அளவுகளை அந்த முறையின்படியே கணக்கிட வேண்டும். தனியாக மாதிரியிடப்படாத அச்சுப்பலகை வேலை (கொங்கிரீட் இட அமைக்கும் தற்காலிக அச்சு) மாதிரியின் அட்டவணையில் வரவே வராது.

காலத்தோடு இணைத்த 4டி அசைவுப்படத்தைத் தாமதத்துக்கான சான்றாகக் காட்டுவதும் உண்டு. அது விளங்கவைக்கும், அவ்வளவுதான். முக்கியப் பாதையில் (தாமதித்தால் முழுத் திட்டத்தின் முடிவையே தள்ளிப்போடும் வேலைகளின் தொடரில்) எத்தனை நாட்கள் இழக்கப்பட்டன என்பதை வேலைத்திட்ட அட்டவணையும் தளக் குறிப்பேடுமே காட்ட வேண்டும்.