நுங்கு வண்டியில் தொடங்கலாம்: ஆட்டிசக் குழந்தைக்கு வீட்டுப் பயிற்சி

ஒன்றரை வயதாகியும் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டவில்லை என்றால் அது ஆட்டிசத்தின் அறிகுறியாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டுவதைத் தள்ளிப்போடாதீர்கள். "அவங்க அப்பனும் மூணு வயசுலதான் பேசினான்" என்பார் ஆச்சி. நாக்கில் வசம்பு தடவச் சொல்வார்கள். பிரியத்தில்தான் சொல்கிறார்கள், ஆனால் அதற்குள் ஆறு மாதம் போய்விடும். பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டறிந்து உதவும் மாவட்ட இடையீட்டுச் சேவை மையம் இருக்கிறது. தென்காசிப் பக்கத்துக்காரர்களுக்கு, மாற்றுத்திறனாளிகளுக்காக இயங்கும் ஆய்க்குடி அமர் சேவா சங்கம் அருகில். காது சரியாகக் கேட்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். ஆட்டிசம்தானா என்று உறுதியாகும் வரை வீட்டில் சும்மா இருக்க வேண்டாம்.

படி 1: இரண்டு நாள் வெறுமனே பாருங்கள். என் மகனுக்கு நுங்கு வண்டி என்றால் உயிர். ஓட்ட மாட்டான், கவிழ்த்துப் போட்டுச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருப்பான். நான் பிடுங்கி, "இப்படி ஓட்டுய்யா" என்று காட்டினேன். அழுது தீர்த்துவிட்டான்.

படி 2: டிவியை அணைத்துவிட்டு எதிரே தரையில் உட்காருங்கள். அவன் செய்வதையே நீங்களும் செய்யுங்கள். நான் இன்னொரு நுங்கு வண்டி செய்து பக்கத்தில் சுற்றினேன். நான்காம் நாள் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

படி 3: அவன் சுற்றும்போது நீங்கள் ஒரே சொல் சொன்னால் போதும். "சுத்து". "இது என்ன? என்ன கலர்?" என்று கேள்வி கேட்காதீர்கள்.

படி 4: இதுதான் உயிர்நாடி. சக்கரத்தைக் கையால் நிறுத்தி, அவன் முகத்தைப் பார்த்து, மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். நமக்கு அந்த அமைதி பொறுக்காது, இடையில் பேசிவிடுவோம். கேட்டதை உள்வாங்கிப் பதில் தர இந்தக் குழந்தைகளில் பலருக்குக் கூடுதல் நேரம் வேண்டும். ஒரு பார்வை, உங்கள் கைமேல் ஒரு தொடுதல், "ம்" என்று ஒரு சத்தம், எதுவானாலும் அது கேட்டதுதான். உடனே "சுத்து!" என்று சொல்லிச் சுற்றுங்கள். சொன்னால்தான் தருவேன் என்று நிற்காதீர்கள், அழும் வரை இழுக்காதீர்கள்.

படி 5: அப்புறம் இதையே குளியலுக்கும் சாப்பாட்டுக்கும் கொண்டுபோங்கள். ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றி, அடுத்த செம்பைப் பிடித்தபடி காத்திருங்கள். இட்லியை ஒவ்வொரு விள்ளலாகக் கொடுங்கள். ஒரு நேரம் பத்து நிமிடம் போதும்.

படி 6: வாரம் ஒருமுறை விளையாடுவதைப் போனில் வீடியோ எடுத்துப் பாருங்கள். கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் நடந்த ஓர் ஆய்வில் இப்படித்தான் வீடியோவைப் பெற்றோருக்கே போட்டுக் காட்டிப் பழக்கினார்கள். பழக்கியவர்கள் சிறப்பு மருத்துவர்கள்கூட இல்லை, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள். பெற்றோர் குழந்தையின் போக்கில் போகக் கற்றார்கள், குழந்தைகள் தாமாகவே முன்வந்து தொடர்புகொள்வது கூடியது என்று 2016-இல் முடிவு வந்தது.

பத்து எண்ணி முடிக்குமுன் எத்தனை தடவை முந்திக்கொண்டு பேசினீர்கள் என்று வீடியோவில் எண்ணுங்கள். முதல் வாரம் எனக்கு 14. தெரபிக்குப் போகும்போது அந்த வீடியோவையும் காட்டுங்கள்.