டிமென்ஷியா உள்ளவர்களை முதியோர் இல்லத்தில் பார்த்துக்கொள்ளும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதியோர் இல்லத்தில் டிமென்ஷியா (நினைவும் சிந்தனையும் மங்கிக்கொண்டே போகும் நோய்) உள்ள ஒருவர் கத்தினாலோ, அடிக்க வந்தாலோ, தட்டைத் தள்ளிவிட்டாலோ உடனே "நோய் முத்திடுச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரிய தவறே இதுதான். நேற்றுவரை அமைதியாக இருந்தவர் இன்று திடீரென்று தாறுமாறாகப் பேசினால் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், தண்ணீர் சரியாகக் குடிக்காதது, பல்வலி, புதிதாக ஆரம்பித்த மாத்திரை என்று ஏதாவது ஒரு காரணம் இருக்கவே வாய்ப்பு அதிகம். வயதானவர்களுக்குத் தொற்று இருந்தும் காய்ச்சல் வராமல் போகலாம், எங்கே வலிக்கிறது என்று அவருக்குச் சொல்லவும் தெரியாது. உங்கள் வீட்டுப் பெரியவருக்கு இப்படி ஆனால், அன்றைக்கே டாக்டரிடம் காட்டும்படி இல்லத்தில் சொல்லுங்கள்.

அதை விட்டுவிட்டு அவரை அடக்குவதற்கென்று மாத்திரை கொடுத்துப் படுக்க வைப்பது ஆபத்து. டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு ஆன்டிசைக்கோட்டிக் மருந்துகள் (தீவிர மனநோய்களுக்குக் கொடுப்பவை) மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2005-லேயே எச்சரித்துவிட்டது. லூயி பாடி என்ற வகை டிமென்ஷியா (மூளையில் ஒருவகைப் புரதம் படிவதால் வருவது) என்றால் ஹாலோபெரிடால் போன்ற ஆன்டிசைக்கோட்டிக் மருந்துகள் உடம்பையே விறைக்க வைத்துவிடும். சில சமயம் வேறு வழியில்லாமல் டாக்டரே எழுதுவார், சரி, ஆனால் எதற்காக, எத்தனை நாளைக்கு, எப்போது குறைப்பீர்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

அப்புறம் குளியல். ஒருவர் கையைப் பிடித்துக்கொள்ள இன்னொருவர் மக்கில் மொண்டு தலையில் ஊற்றினால் யாராக இருந்தாலும் திமிறத்தான் செய்வார்கள். தோளில் ஒரு துண்டைப் போர்த்தி, வெந்நீரைக் கையில் தொட்டுப் பார்க்க வைத்து, காலில் இருந்து ஆரம்பித்தால் பாதிச் சண்டை குறையும். அன்றைக்கு முடியவில்லையா, ஈரத்துணியால் துடைத்துவிட்டாலே போதும்.

"பசங்க ஸ்கூல் விட்டு வந்திருப்பாங்க, நான் வீட்டுக்குப் போகணும்" என்று எண்பது வயது அம்மா கிளம்பினால், "உங்க பசங்களுக்கே பேரப்பிள்ளை வந்தாச்சு" என்று திருத்தாதீர்கள். கணவர் இறந்துவிட்டதைத் திரும்பத் திரும்ப நினைவுபடுத்துவது அதைவிடக் கொடுமை, ஒவ்வொரு முறையும் அவருக்கு அது புதுச் சாவு. "பசங்களுக்கு என்ன டிபன் செய்வீங்க?" என்று பேச்சை எடுங்கள், கூடவே கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள்.

குடும்பத்தினர் செய்யும் தவறுகளும் உண்டு. பார்க்கப் போனதும் "நான் யாரு, சொல்லு பாப்போம்" என்று பரீட்சை வைக்காமல் பெயரையும் உறவையும் நீங்களே சொல்லிவிடுங்கள். பலருக்குச் சாயங்காலம் ஆனால் தடுமாற்றம் கூடும், அதனால் காலையில் போவது நல்லது. போனதும் மூக்குக்கண்ணாடி துடைத்திருக்கிறதா, காது மெஷினில் பேட்டரி இருக்கிறதா என்று பாருங்கள். காது கேட்காமல் மிரள்வதையும் நோய்க் கணக்கில் எழுதிவிடுகிறார்கள்.