சின்த்வேவ்: கேட்பவர்களும் செய்பவர்களும் சொதப்பும் இடங்கள்

சின்த்வேவ் என்பது, சின்தசைசர் என்ற எலக்ட்ரானிக் கீபோர்டில் 80களின் ஒலியை வைத்து இப்போது செய்கிற இசை. முதல் சொதப்பல், அதைப் பழைய பாட்டு என்று நினைத்துக் கேட்பது. ஒலிதான் பழசு, பாட்டெல்லாம் புதுசு. 2000களின் நடுவில் பிரான்சில் கவின்ஸ்கி, காலேஜ் மாதிரி ஆட்கள் ஆரம்பித்து வைத்தது, 2011இல் வந்த 'டிரைவ்' படத்தில் இந்த இருவரின் பாட்டும் இடம்பிடித்த பிறகு எங்கெங்கோ பரவிவிட்டது. இவர்கள் திரும்பிப் பார்த்தது 80களின் பாப் பாட்டை மட்டும் இல்லை, அந்தக் காலத்துப் படங்களின் பின்னணி இசையையும்தான். 1978இல் 'ஹாலோவீன்' படத்தை எடுத்த ஜான் கார்ப்பென்டர், கையில் காசு குறைவு என்பதால் தானே கீபோர்டில் உட்கார்ந்து இசையும் போட்டார், நாலைந்து சுரம்தான், அதையே விடாமல் சுற்றவிட்டு ஆளை நடுங்க வைத்தார். 1982இல் 'பிளேட் ரன்னர்' படத்துக்கு வாங்கெலிஸ் போட்டது இதற்கு நேர் எதிர்: அகலமாக, மெதுவாக, ஊரையே மூடுகிற மாதிரி. சின்த்வேவ் இந்த இரண்டுக்கும் பேரப்பிள்ளை.

அதனால் பல்லவி எப்போது வரும், சரணம் எப்போது வரும் என்று காத்திருந்தால் ஏமாற்றம்தான். எடுக்கப்படாத ஒரு படத்தின் பின்னணி இசை இது, படத்தை நாம்தான் ஓட்டிக்கொள்ள வேண்டும். பேஸ், அதாவது அடியில் கேட்கும் தாழ்ந்த ஒலி, ஒரே சீராக ஓடிக்கொண்டே இருக்கும், மேலே சின்தசைசரின் ஃபில்டர் ஒரு நிமிஷம் எடுத்துக்கொண்டு மெல்லத் திறக்கும், மங்கலாக இருந்த ஒலி பளிச்சென்று ஆகும். அதுதான் அங்கே நடக்கும் சம்பவம். அதைக் கவனிக்காமல் "ஒண்ணுமே நடக்கலையே" என்று அடுத்த பாட்டுக்குத் தாவினால் எந்தப் பாட்டிலும் ஒன்றும் நடக்காது.

அடுத்தது போன் ஸ்பீக்கர். அடித்தளமே அந்த பேஸ்தான், அந்தச் சின்ன ஸ்பீக்கரால் அவ்வளவு கீழே இறங்க முடியாது, மிஞ்சுவது மேலே கீச்சிடும் கீபோர்டு மட்டும். காதுக்குள் அடைத்துக்கொள்ளும் ரப்பர் வைத்த சாதாரண இயர்போனே போதும். இரவில் காரில் கேட்கிற இசை என்று பேர் வாங்கியிருப்பதால் நம் பிள்ளைகள் இயர்போனை மாட்டிக்கொண்டு பைக்கில் பாம்பன் பாலம் ஏறுகிறார்கள், தயவுசெய்து வேண்டாம். பக்கக்காற்று ஒருபுறம், செல்ஃபிக்காகத் திடீரென்று நிறுத்துகிற வண்டிகள் ஒருபுறம். அதோடு காற்றின் இரைச்சலும் தாழ்ந்த ஒலிதான், கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் அது பேஸை அப்படியே விழுங்கிவிடும், சத்தத்தைக் கூட்டிக் கூட்டிக் காதுதான் கெடும். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் போகிற இரவு பஸ்ஸில் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்து கேட்டால் அதே பாலம், அதே இருட்டு, ஓட்டுகிற வேலை வேறு ஒருவருக்கு.

எனக்கு அதிகம் எரிச்சல் தருவது இந்த இசைக்குப் படம் ஒட்டுகிற விஷயம். ஊதா வானம், கோடு கோடாகச் சூரியன், சிவப்புக் கார், வரிசையாகப் பனைமரம் மாதிரி ஏதோ ஒன்று. இதெல்லாம் அமெரிக்கக் கடற்கரையைப் பார்த்து வந்த அலங்காரம், இசைக்கும் இதற்கும் கட்டாயச் சம்பந்தம் எதுவும் இல்லை. நம்மிடம் நிஜப் பனைமரமே சாலை நெடுகிலும் நிற்கிறது, அதை விட்டுவிட்டு இணையத்தில் இறக்கிய மரத்தை ரீல்ஸில் ஒட்டுவானேன்? இன்னொரு கூட்டம் தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயத்துக்கு நியான் நிறம் பூசுகிறது. அது 1964 டிசம்பர் புயலில் போன ஊர், ரயிலோடு ஆட்களைக் கடல் கொண்டுபோன இடம், அங்கே சொந்தக்காரர்களைப் பறிகொடுத்த குடும்பங்கள் இன்னும் ராமேஸ்வரம் பக்கம் இருக்கின்றன. இருண்ட, மெதுவான இசை அந்த இடத்துக்குப் பொருந்தாது என்று சொல்லவில்லை, அதை ஜிகினா செட்டாக மாற்றுவதுதான் உறுத்துகிறது.

"இது வெள்ளைக்காரன் சமாச்சாரம், நமக்கு ஒட்டாது" என்று ஒதுக்குவதும் தவறு. 1982இலேயே சரண்ஜித் சிங் என்ற பம்பாய்க் கலைஞர் ரோலண்டு கம்பெனியின் சின்தசைசர்களில் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு ஆல்பம் போட்டிருக்கிறார். 1986இல் வந்த 'விக்ரம்' படத்தின் தலைப்புப் பாட்டை ஒருமுறை கேட்டுப் பாருங்கள், இளையராஜாவின் எலக்ட்ரானிக் ஒலி காதில் அறையும். அதைக் கேட்டு வளர்ந்த அப்பாக்கள் உள்ள வீட்டில் இது அந்நியமாகப் படவே படாது.

சரி, கேட்டது போதும், நாமே செய்து பார்ப்போம் என்கிறவர்களுக்கு: பழைய சின்தசைசர் வாங்காதீர்கள். 80களில் வந்த ரோலண்டு ஜூனோ என்ற சின்தசைசர் கையில் இருந்தால்தான் அந்த ஒலி வரும் என்று நம்பிப் பணத்தைப் புரட்டுகிறவர்கள் உண்டு. ஜூனோ-106 மாடலில் ஒலியை உண்டாக்கும் சிப்புகள் செத்துப்போவதற்குப் பேர்போனவை, அதைக் கொண்டுவந்து உப்புக்காற்றில் ஃபேனே துருப்பிடிக்கிற மண்டபம் ஊரிலோ கீழக்கரையிலோ வைத்தால் என்ன ஆகும்? பழுது பார்க்கவும் பக்கத்தில் ஆள் கிடைப்பது கஷ்டம். ஜூனோவின் அந்த அகலமான ஒலியில் பெரும்பங்கு அதற்குள் இருக்கும் கோரஸ் எஃபெக்டுடையது, ஒரே ஒலியைப் பல பேர் சேர்ந்து வாசிப்பது மாதிரி ஆக்குகிற உத்தி அது. வைட்டல், சர்ஜ் எக்ஸ்டி என்று இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள்களில் ஒரு சாதாரண ஒலியை எடுத்து அதன்மேல் கோரஸைப் போட்டாலே பாதி தூரம் வந்துவிடலாம்.

அப்புறம், எல்லா ஸ்நேர் டிரம் அடிக்கும் எதிரொலியை ஊதிப் பெருக்கிச் சட்டென்று வெட்டுகிற அந்த 80கள் உத்தியைப் போடாதீர்கள். ஆறு அடுக்கு கீபோர்டும் ஒரே நேரத்தில் அலற வேண்டாம். பேஸ் தனியாக ஓட இடம் விட்டாலே பாட்டு பாதி தேறிவிடும்.

கடைசியாகக் காசு. யூடியூபில் மூன்று மணி நேரத் தொகுப்பைப் போட்டுவிட்டுப் படுத்தால் யார் பாட்டு என்றே தெரியாமல் போகும், இப்போது அந்தத் தொகுப்புகளில் செயற்கை நுண்ணறிவு துப்பியதும் கலந்து வருகிறது. இவர்களில் பலர் கம்பெனி எதுவும் இல்லாமல் தனியாகச் செய்து பேண்ட்கேம்ப் என்ற இணையதளத்தில் விற்கிறவர்கள், டிஜிட்டல் விற்பனையில் அந்தத் தளம் எடுப்பது பொதுவாக 15 சதவீதம், கட்டணச் செலவு போக மீதி பாடலைச் செய்தவருக்கு. பிடித்த ஆல்பம் ஒன்றை வாங்குங்கள். ரீல்ஸுக்கு வேண்டுமென்றால் செய்தவரையே கேளுங்கள், சின்ன ஆட்கள்தான், பதில் போடுவார்கள்.