கத்தலும் பாட்டும் கலந்த மெட்டல்கோர் ஆல்பத்தை முதல் முறை கேட்பது எப்படி

மெட்டல்கோர் என்றால் ஹெவி மெட்டலும் ஹார்ட்கோர் பங்க்கும் கலந்த முரட்டு ராக் இசை. அதை முதல் முறை பஸ்ஸில் கேட்காதீர்கள். நான் அப்படித்தான் ஆரம்பித்தேன். தர்மபுரியில் ஏறி கிருஷ்ணகிரி போகிற வழியில் இயர்போனை மாட்டினேன், காரிமங்கலம் வருவதற்குள் கழற்றிப் பையில் போட்டுவிட்டேன், அவ்வளவு இரைச்சல். காரணம் பிறகுதான் புரிந்தது. டீசல் இன்ஜின் ஓயாமல் உறுமிக்கொண்டே இருக்கும், அந்த உறுமல் பாட்டில் இருக்கிற பாஸ் கிட்டார், காலால் மிதித்து அடிக்கிற கிக் டிரம் எல்லாவற்றையும் விழுங்கிவிடும், மிஞ்சுவது சிம்பல் சத்தமும் ஒருவர் கத்துவதும் மட்டும்தான். கீழே தாங்கிப் பிடிக்க ஒன்றும் இல்லாமல் வெறும் கத்தலைக் கேட்டால் யாருக்கும் தலைதான் வலிக்கும். போன் ஸ்பீக்கரிலும் இதே கதைதான். ராத்திரி சாப்பிட்டு முடித்துவிட்டு மொட்டை மாடிக்கோ தோப்புக்கோ போய் உட்காருங்கள், சுமாரான இயர்போன் போதும், வால்யூம் பாதிக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் சரி. முக்கால் மணி நேரம் யாரும் கூப்பிடாமல் இருக்க வேண்டும்.

எதில் தொடங்குவது? கில்ஸ்விட்ச் எங்கேஜ் குழு 2002-ல் வெளியிட்ட ‘அலைவ் ஆர் ஜஸ்ட் பிரீதிங்’ என்பேன். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் குழு. அந்த ஆல்பத்தில் தொண்டை கிழியக் கத்துகிறவரும் உருகிப் பாடுகிறவரும் பெரும்பாலும் ஒரே ஆள், ஜெஸ்ஸி லீச். புதிதாகக் கேட்கிறவருக்கு இது ரொம்ப முக்கியம். ஒரே மனிதன் இரண்டு விதமாகப் பேசுகிறான் என்று மனதில் பதிந்துவிட்டால் பாதி தூரம் கடந்துவிட்டீர்கள்.

நம் பக்கத்துக்காரர்களுக்கு இது புதிய விஷயமே கிடையாது. பென்னாகரம் பக்கம் ஒரு ஊரில் பாரதக் கூத்து பார்த்தேன், துரியோதனன் வரும் கட்டம். இரண்டு பேர் திரையைப் பிடித்திருக்கிறார்கள், வேஷக்காரர் அதற்குப் பின்னால் நின்று விருத்தம் பாடுகிறார், முகவீணை அவர் குரலோடு இழைகிறது, கிரீடத்தின் நுனி மட்டும் திரைக்கு மேலே தெரிகிறது. சலங்கையை ஒரு உதறு உதறுகிறார். திரை விலகுகிறது. அதே தொண்டை இப்போது கர்ஜிக்கிறது, பாயில் சுருண்டு கிடந்த பிள்ளைகள் எழுந்து உட்கார்கிறார்கள். காதைப் பொத்திக்கொண்டு எழுந்து போனவர் ஒருவர்கூட இல்லை. யார் கோபப்படுகிறான், எதற்குக் கோபப்படுகிறான் என்று அங்கே உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் தெரியும். மெட்டல்கோரிலும் நமக்குத் தெரிய வேண்டியது அதுதான்.

அதனால் ஆல்பத்தை மூன்று தடவை, மூன்று வேறு நாளில் கேளுங்கள். முதல் நாள் வரிகளைப் பார்க்கவே வேண்டாம், குரலையும் விட்டுவிடுங்கள், டிரம்ஸை மட்டும் பின்தொடருங்கள். வேகமாக ஓடிக்கொண்டிருந்த தாளம் திடீரென்று பாதி வேகத்துக்கு இறங்கி, கிட்டாரும் கிக் டிரம்மும் ஒன்றாகச் சேர்ந்து குத்தும் இடம் ஒன்று வரும், அதற்குப் பேர் பிரேக்டவுன், தலை தானாக ஆடும். அடுத்த நாள் வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். இந்த நாளைத் தவறவிடவே கூடாது. உடைந்து போனவன் மறுபடி எழுந்து நிற்கப் பார்க்கிற வரிகள்தான் அதிகம், படித்துக்கொண்டே கேட்கும்போது அந்தக் கத்தலின் நிறமே மாறிவிடும்.

மூன்றாவது நாள் கவனிக்க வேண்டியது கத்தலும் பாட்டும் ஒட்டும் இடத்தை. ‘மை லாஸ்ட் செரினேட்’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரீம், அதாவது கத்தல், ஓடும்போது கிட்டார்காரர் உள்ளங்கை ஓரத்தால் தந்தியை அமுக்கி வாசிக்கிறார், ஒலி கட்டை கட்டையாக வெட்டி விழுகிறது. கோரஸ், அதாவது பல்லவி, வந்ததும் கை விலகுகிறது, தந்தி முழுசாக ஒலிக்கிறது, குரலும் அதே நொடியில் விரிந்து ராகமாகிறது. அடைத்த கதவைத் திறந்துவிட்ட மாதிரி இருக்கும். அந்தக் கோரஸை மட்டும் வெட்டி எடுத்துக் கேட்டுப் பாருங்கள், நல்ல மெட்டு, அவ்வளவுதான். முன்னால் கத்தல் இருந்தால்தான் அது நெஞ்சைப் பிடிக்கும்.

கேட்டுப் பிடித்துப்போனால் அடுத்து நாமும் கத்திப் பார்க்கலாமே என்று கை துறுதுறுக்கும். தயவுசெய்து பாத்ரூமில் நின்று அடித்தொண்டையில் கத்தாதீர்கள். நம் நிஜக் குரல்நாண்களுக்கு மேலே பொய்க் குரல்நாண்கள் என்று இரண்டு மடிப்புகள் உண்டு, பழகியவர்களில் பலர் ஸ்க்ரீமுக்கு அவற்றையும் சேர்த்து அதிரவிடுகிறார்கள், மூச்சு வயிற்றிலிருந்து வருகிறது, நேரில் கேட்டால் நினைத்ததைவிடச் சத்தம் கம்மியாகத்தான் இருக்கும், மிச்சத்தை மைக் பார்த்துக்கொள்ளும். மெலிசா கிராஸ் என்ற அமெரிக்கப் பயிற்சியாளர் இதைத் தொழிலாகவே சொல்லிக்கொடுக்கிறார். லீச்சுக்கே 2018-ல் தொண்டையில் அறுவை சிகிச்சை செய்ய வேண்டி வந்தது. வலித்தாலும் அரித்தாலும் உடனே நிறுத்திவிடுங்கள், குரல் கம்மல் இரண்டு மூன்று வாரம் தாண்டினால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

அப்புறம் என்ன கேட்பது என்றால், அதே குழுவின் ‘தி எண்ட் ஆஃப் ஹார்ட்ஏக்’, 2004. லீச் விலகி ஹோவர்ட் ஜோன்ஸ் வந்த பிறகு செய்தது, பாடும் குரல் இன்னும் கனமாக, ஆழமாக இருக்கும். அன்டர்ஓத் குழுவின் ‘டிஃபைன் த கிரேட் லைன்’ ஆல்பத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், 2006-ல் வந்தது. அதில் கத்துவது பெரும்பாலும் ஸ்பென்சர் சேம்பர்லின், பாடுவது டிரம்ஸ் வாசித்துக்கொண்டே ஆரன் கில்லெஸ்பி. ஒரே ஆளின் இரண்டு குரலுக்குப் பழகிய காதுக்கு, இரண்டு ஆள் ஒருவர்மேல் ஒருவர் ஏறிப் பாடுவது முதலில் குழப்பும், அதைக் கேட்கும்போது மறுபடி அந்த முதல் நாள் மாதிரி டிரம்ஸைப் பிடித்துக்கொள்ளுங்கள்.