நகத்துக்கடியில் குளிர்ந்தால் குத்துகிறதா? ஸ்கேனுக்குப் போகும் முன்

ஏற்காட்டில் மார்கழிக் காலையில் குழாய்த் தண்ணீர் பட்டதும் ஒரே ஒரு விரல் மட்டும் உயிர் போகிற மாதிரி வலிக்கிறதா? வீக்கமோ சீழோ இல்லையா? அப்படியென்றால் நகச்சுத்து என்று எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். காபித் தோட்டத்தில் பழம் பறிக்கும் என் அத்தை மூன்று வருஷம் அப்படித்தான் கடத்தினார். கடைசியில் அது குளோமஸ் கட்டி. குளிருக்கும் சூட்டுக்கும் தக்கபடி விரல் நுனியில் ரத்த ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் நுண்ணிய அமைப்பில் வளர்வது, அதனால்தான் குளிரில் அந்தப் பாடு. பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு, புற்றுநோயாக இருப்பது மிக அரிது.

முதலில் குண்டூசியின் தலைப் பக்கத்தால் நகத்தின் மேல் இடம் இடமாக மெதுவாக அழுத்திப் பாருங்கள். அத்தைக்கு நகத்தின் பிறைக்குப் பக்கத்தில் மிளகளவு இடம்தான், அங்கே பட்டதும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார், ஒரு நெல் அகலம் தள்ளி அழுத்தினால் ஒன்றுமே இல்லை. அந்த இடத்தைப் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். நகத்துக்கடியில் நீலம் பூத்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். தோலில் பால் காபி நிறத் திட்டுகள் பல இருந்தாலும் சொல்லுங்கள், நரம்புக் கட்டி வரும் ஒரு பரம்பரை நோயோடு இது சேர்ந்து வருவதுண்டு.

அப்புறம் சேலத்துக்கு இறங்குங்கள். எக்ஸ்ரேயில் எலும்பு குழிந்திருப்பது தெரியலாம், ஆனால் எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்பதால் கட்டி இல்லை என்று ஆகாது. அத்தையை அப்படிச் சொல்லித்தான் திருப்பி அனுப்பினார்கள், எனக்கு இன்னும் ஆறவில்லை. அல்ட்ராசவுண்டில் கட்டி கருப்பாகத் தெரியும், டாப்ளர் போட்டால் உள்ளே ரத்த ஓட்டம் மின்னும். ஜெல்லைத் தாராளமாக வைத்து, அழுத்தாமல் பார்க்கச் சொல்லுங்கள், அழுத்தினால் அந்த ஓட்டமே மறைந்துவிடும். எம்.ஆர்.ஐ. என்றால் கை முழுவதற்கும் வேண்டாம், வலிக்கும் விரல் நுனிக்கு மட்டும், மருந்து ஊசியோடு. டி2 என்ற வகை எம்.ஆர்.ஐ. படத்தில் கட்டி வெள்ளையாக இருக்கும், மருந்து ஏறியதும் இன்னும் பளிச்சென்று தெரியும். அந்த மருந்து ஊசி போடுவதால், சிறுநீரகக் கோளாறு இருந்தால் முன்னாடியே சொல்லிவிடுங்கள். மோதிரம், நகப்பூச்சு எதுவும் இருக்கக் கூடாது.

வலியே இல்லாமல் விரலில் கெட்டியாக உருண்டை இருந்தால் அது வேறு கதை. தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணின் உறையில் வரும் கட்டி பெரும்பாலும் எம்.ஆர்.ஐ.யில் கருப்பாகத் தெரியும், உள்ளே படிந்த இரும்புச்சத்துதான் காரணம்.

குளோமஸ் என்றால் அறுவை சிகிச்சைதான், மாத்திரையில் கரையாது. எடுத்த சதையைப் பயாப்ஸிக்கு அனுப்பச் சொல்லி அந்த ரிப்போர்ட்டைக் கையில் வாங்கி வையுங்கள். துளி மிச்சம் இருந்தாலும் வலி திரும்ப வரும், அப்போது மறுபடி எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது பழைய படங்களும் கூடவே வேண்டும்.