மின்னுகிற சேஸியைக் கண்டு மயங்காதீர்கள்

போன வாரம் ஒருவர் தன் கராஜுக்குக் கூப்பிட்டிருந்தார். லோட்டஸ் செவன் என்ற குட்டி பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் பாணியில் சொந்தமாகக் கார் கட்டுகிறார். அவரே வெல்டு அடித்த சேஸி, அதாவது காரின் எலும்புக்கூடு, கறுப்பு பவுடர் கோட்டிங்கில் முகம் பார்க்கலாம் போல மின்னியது. "இன்ஜினை ஒருமுறையாவது இதுக்குள்ள இறக்கிப் பார்த்தீங்களா?" என்றேன். இன்ஜின் இன்னும் வாசலில் நின்ற டோனர் காருக்குள்ளேயே, அதாவது உதிரிகளுக்காக வாங்கிய பழைய ஃபோர்டு சியராவுக்குள்ளேயே கிடந்தது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அளவெடுக்காமல் குழாய் வெட்டாதே என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. அது உங்களுக்கே தெரியும்.

கோட்டிங்குக்கு ஓடுவது

வரைபடத்தில் எல்லாம் பொருந்தும். என் வண்டியிலும் பொருந்தியது. கோட்டிங் முடிந்து கியர்பாக்ஸோடு இன்ஜினை இறக்கிய அன்றுதான், கியர் லிவர் மேலே வர வேண்டிய இடத்தில் ஒரு குறுக்குக் குழாய் படுத்திருப்பது தெரிந்தது. இன்ஜின் மவுண்ட் இரண்டையும் அறுத்து 15 மி.மீ. முன்னால் தள்ளினேன். வெல்டிங் சூட்டில் சுற்றிலும் பூச்சு கருகிப் போனது.

பிரஷ்ஷால் தொட்டுப் பூசினால் தீராதா? தீராது. இது அடுப்பில் உருக்கி ஒட்ட வைத்த பூச்சு. உடைந்த விளிம்பு வழியாக ஈரம் உள்ளே போனால், மேலே பளபளப்பு அப்படியே இருக்க, அடியில் துரு ஊரும். முழுச் சேஸியையும் பிளாஸ்டிங்குக்கு, அதாவது மணல் போன்ற துகளைப் பீய்ச்சிப் பூச்சையும் துருவையும் உரிக்கிற வேலைக்கு, கொடுத்துத் திரும்பக் கோட்டிங் அடித்தேன். காசு இரண்டு மடங்கு; இங்கிலாந்தில் கிடைக்கிற கொஞ்ச நாள் கோடையும் போச்சு. சீட் பெல்ட் மரைகளையும் சஸ்பென்ஷன் புஷ் உட்காரும் குழாய்களையும் மூடிக் கொடுக்காமல் விட்டது வேறு தனி வேலை வைத்தது.

வெறும் இரும்பிலேயே முழு வண்டியையும் ஒருமுறை பூட்டுங்கள். ரேடியேட்டர், பெட்ரோல் டேங்க், பெடல், பிரேக் பைப் கிளிப்புக்கான கடைசி ஓட்டை வரைக்கும். உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுசாகத் திருப்புங்கள். பிறகு பிரித்துக் கோட்டிங்குக்கு அனுப்புங்கள். நடுவில் மேலாகப் பிடிக்கிற துரு பிளாஸ்டிங்கில் போய்விடும்.

1957இல் லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மன் செவனைக் கொண்டுவந்தபோது, முழுக் காருக்குப் போட்ட கொள்முதல் வரியிலிருந்து தப்ப அதை உதிரிகளாக விற்றார்கள். பூட்டும் முறையை எழுதிக் கொடுக்கக்கூடாது என்பதால், பிரிக்கும் முறையைக் கொடுத்துப் பின்னாலிருந்து படிக்கச் சொன்னார்களாம். கதையோ நிஜமோ, பிரித்துப் பார்த்தவனுக்குத்தான் பூட்ட வரும்.

சம்ப்

குடும்பக் காரிலிருந்து எடுத்த இன்ஜினின் ஆயில் சம்ப், அதாவது அடியில் ஆயில் தேங்கும் தொட்டி, சேஸிக்குக் கீழே தொங்கும். முதல் வேகத்தடையிலேயே உடையும். குட்டையாக்குங்கள். ஆயில் உறிஞ்சும் குழாயையும் சேர்த்து. சம்பை மட்டும் வெட்டிவிட்டு, குழாய் இடிக்கிறதே என்று நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எர்த் வயர்

கோட்டிங் மேல் மின்சாரம் பாயாது. சுரண்டிவிட்டுப் பூட்டுங்கள்.

கூர் விளிம்புகள்

சொந்தமாகக் கட்டிய காரைச் சாலையில் விட பிரிட்டனில் தேற வேண்டிய ஐ.வி.ஏ. சோதனைக்குப் போகும் முன் வெளியே நீட்டுகிற விளிம்புகளைத் தடவிப் பாருங்கள். 2.5 மி.மீ. ஆரம் வேண்டும்.

டோனர் காரின் லாக்புக் (பதிவு ஆவணம்)

தூக்கிப் போடாதீர்கள்.

பூட்ஸ்

ஓட்டும்போது வேண்டாம். பெடல்கள் நெருக்கமாக இருப்பதால் ஒரே மிதியில் பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் அமுங்கும்.